கடுகுக் கதையின் கடைசி வரி

அக்கா,

அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "கடுகுக் கதை புத்தர் காலத்தது இல்லீங்க அக்கா, அவருக்கு ஆயிரம் வருசம் கழிச்சு உரைக்காரங்க எழுதினது." இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உங்கள் நாத்தனார் சரசு உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்ததால்தான் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதையும் நான் நம்புவதில்லை.

நேற்று தைவானிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அதே பழுப்பு உறை. கோந்தும் கப்பலில் மாதக்கணக்கில் கிடந்த ஈரமும் கலந்த அதே வாசனை. மேலே இரண்டு பெயர்கள், உங்களுடையது முதலில், என்னுடையது அடுத்து, கீழே நூலகத்தின் முகவரி. இலவசமாகப் பௌத்தப் புத்தகம் அனுப்பும் அந்த நிறுவனத்தாருக்கு நீங்கள் இல்லை என்பதை யாரும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவள் நான்தான். தபால்காரர் நீட்டிய சீட்டில் உங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலாகக் கணபதி கிளை நூலகத்துக்கு வந்தது ஒரு மதிய உணவு இடைவேளையில். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நேரே என் மேசைக்கு வந்தீர்கள்.

"ஏனுங்க, புத்தர் சொன்னது மட்டும் இருக்கற பொஸ்தகம் இருக்குதுங்களா?"

"புத்தரப் பத்தி நாலஞ்சு இருக்குதுங்க."

"பத்தி வேண்டாங்க. அவரு சொன்னது. மத்தவங்க சொன்னத அவரு சொன்னதாப் போட்டிருந்தா அது எனக்கு வேண்டாங்க."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "அது எப்படிங்க நமக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "அதத்தானுங்க நானும் கேக்கறேன்" என்றீர்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் எந்த வாசகரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. நானோ யாரிடமும் அதிகம் பேசாதவள். வீட்டிலும் அப்படித்தான், நூலகத்திலும் அப்படித்தான். ஆனாலும் அன்று மாலை வேலை முடிந்து நீங்கள் சோமனூர் பஸ் பிடிக்க காந்திபுரம் போகும்வரை கூடவே நடந்து வந்தேன்.

நீங்கள் ஒரு பம்ப் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தீர்கள். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு பம்ப்புடனும் ஒரு சோதனைச் சான்றிதழ் போகும். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்று அதில் எண்கள் இருக்கும். பம்ப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்களை அடிக்க வேண்டும். மாதக் கடைசியில் லாரி காத்திருக்கும்போது எண்கள் முந்திக்கொள்ளும் என்று சொன்னீர்கள்.

"அப்ப எது நெசம், எது பொய்யின்னு எப்படிங்க அக்கா கண்டுபுடிக்கறது?"

"நெம்பச் சுளுவு அம்மணி. ரெண்டு பம்ப்பு எந்தக் காலத்துலயும் ஒரே மாதிரி ஓடாது. ரெண்டு சர்ட்டிபிகேட்டுல அத்தன நம்பரும் ஒண்ணா இருந்தா ஒண்ணப் பாத்து ஒண்ணு அடிச்சது. அதுலயும் ஒரே தப்பு ரெண்டுலயும் இருந்துச்சுன்னு வெய்யி, சூடத்துல அடிச்சே சத்தியம் பண்ணலாம், ஒரு பம்ப்பயும் ஓட்டலைன்னு."

மூன்று மாதம் கழித்துத்தான் உங்கள் மகளைப் பற்றிச் சொன்னீர்கள். மூன்று வயது. காய்ச்சல் வந்த நாலாம் நாள் போய்விட்டாள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் மாறியது. ஜோசியர் உங்கள் ஜாதகத்தில் தோஷம் என்றார். சொந்தத்தில் ஒரு பெரியம்மா போன பிறவிப் பாவம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரார்த்தனைத் துண்டுத்தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாரும் சாமி சொன்னதாகவே சொன்னார்கள்.

"எல்லாம் வாசப்படியில நின்னுக்கிட்டே சொல்லிப்போட்டுப் போனாங்க, அம்மணி. ஒருத்தரு உள்ள வந்து உக்காரல. எவனோ எழுதிப்போட்டு சாமி சொன்னதுன்னா எனக்கு வேண்டாம். யாராவது ஒருத்தரு நெசமாலுமே சொன்னது ஒண்ணு இருந்தாப் போதும்."

உங்களுக்கு வேண்டியது இது ஒன்றுதான் என்பது எனக்கு அன்றே தெரியும். பிற்பாடு நான் செய்ததை மறதி என்றோ அறியாமை என்றோ சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் நீங்கள் வருவீர்கள். பிற்பகலில் நூலகத்துக்கு வாசகர் வருவது குறைவு. பத்திரிகை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வோம். பேக்கரியில் வாங்கிவந்த தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்ப்பீர்கள், பெரிய பாதி எப்போதும் எனக்கு. நம்முடைய முறையை நான்தான் வகுத்தேன். புத்தர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருக்குப் பின் துறவிகள் மனப்பாடமாகக் காத்தார்கள். ஏட்டில் ஏறச் சில நூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் துறவிகளின் சங்கம் பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிளையின் பாடம் இலங்கையில் பாலியில் தங்கியது. வேறு கிளைகளின் பாடம் வடமேற்கு வழியாகப் போய்ச் சீன மொழியில் தங்கியது. ஒன்றையொன்று பார்க்காத இந்த இரண்டு வழியிலும் ஒரே பேச்சு இருந்தால், கிளைகள் பிரிவதற்கு முன்பே அது இருந்திருக்க வேண்டும். ஒரு வழியில் மட்டும் வந்தால் சந்தேகம். இரண்டிலும் இல்லாமல் பின்னால் புதிதாக முளைத்தால் பெரிய சந்தேகம். இரண்டிலும் இருந்தாலும் அவரே சொன்னார் என்று உறுதியாகாது, பழையது என்று மட்டும்தான் சொல்லலாம். அதற்குமேல் போக நமக்கு வழியில்லை என்றேன். "அது வரைக்கும் போனாலே போதும்" என்றீர்கள்.

குறிப்பேட்டில் தேறியதை நீல மையில் எழுதுவோம், தேறாததைப் பென்சிலில். பிற்காலச் சூத்திரங்களை எடுத்தபோது பென்சில் வேகமாகத் தேய்ந்தது. பல நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவையும் பழைய பேச்சுகளைப் போலவே "இவ்வாறு நான் கேட்டேன்" என்று தொடங்குவதைக் கண்டு நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"இது லெட்டர்ஹெட்டுங்க. லெட்டர்ஹெட் யாரு வேணும்னாலும் அடிச்சுக்கலாம்."

அவற்றில் சில இத்தனை காலமும் நாகலோகத்தில் பத்திரமாக இருந்தன என்று ஒரு கதை உண்டு என்றேன். "ஃபைலு காணாமப் போனா எங்க மேனேஜரும் இப்படித்தான் எதாச்சும் ஒண்ணு சொல்லுவாரு" என்றீர்கள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரே வாசகர் நம் சிரிப்பைக் கேட்டு எழுந்து போய்விட்டார். நன்றாகச் சொல்லப்பட்டது எதுவோ அது புத்தரின் சொல்லே என்னும் கருத்து பழைய பாலித் தொகுப்பிலேயே ஓரிடத்தில் வருகிறது என்று காட்டினேன். நீங்கள் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினீர்கள். "இது திருடன் எழுதிப்போட்ட வரி, அம்மணி. உள்ள பூந்து கதவத் தொறந்து வெச்சிருக்கான்."

உக்கடத்தில் பழைய புத்தகம் விற்கும் பாய் நம்மைப் பார்த்ததும் கேட்பார்: "ஏம்மா, புத்தரு மேல போட்ட கேஸு இன்னும் முடியலையா?" நீங்கள் சளைக்காமல், "சாட்சி கெடைக்கோணுமில்லீங்க பாய்" என்பீர்கள். அவர் நமக்காக எடுத்துவைத்த கட்டிலிருந்துதான் இலங்கையில் அச்சான அந்தச் சிறு நூல் கிடைத்தது.

கடுகுக் கதையை நீங்கள் ஒரு வருடத்துக்கும் மேலாக மேசைக்குக் கொண்டுவரவில்லை. பள்ளிப் பாடத்தில் படித்தது. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம் புத்தர், சாவே நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார். அவள் வீடு வீடாகப் போகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, அப்படி ஒரு வீடுதான் இல்லை. மகள் போன பிறகு உங்களுக்கு நினைவு வந்தது அந்த ஒரு கதைதான், அதைத் தேடித்தான் நூலகத்துக்கே வந்தீர்கள் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னீர்கள். அதன் பிறகும் அதை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு இரண்டு நூல்களை மேசையில் வைத்தீர்கள். ஒன்று பாயிடம் வாங்கிய இலங்கை நூல். மற்றொன்று அந்த வாரம் தைவானிலிருந்து வந்தது. இரண்டும் ஆங்கிலம். இரண்டிலும் அந்தக் கதை இருந்தது.

"ரெண்டு வழியிலயும் வந்திருக்குது, அம்மணி."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நூலையும் கையில் எடுத்தேன், கதை இரண்டிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். "இருக்குதுங்க" என்றேன். வழக்கமாக எழுதுவது நான். அன்று பேனாவை என்னிடமிருந்து வாங்கி, நீல மையில் நீங்களே தமிழில் எழுதினீர்கள், முத்து முத்தாக, ஒரு அடித்தல்கூட இல்லாமல்.

மார்ச் மாதம் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. அலமாரியைக் காலி செய்தபோது அந்த இரண்டு நூல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக என் மடிக்கு வந்தன. சும்மா திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கதையின் பத்திகளுக்கு எண் போட்டிருந்தது. இலங்கை நூலில் பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று. பன்னிரண்டு விட்டுப் போயிருக்கிறது. தைவான் நூலிலும் பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று.

நீங்கள் பம்ப்பைப் பற்றிச் சொன்னது காதில் கேட்டது. தைவான் நூலின் கடைசிப் பக்கத்தில், கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய சின்ன எழுத்தில், அது இலங்கைப் பதிப்பின் மறு அச்சு என்று போட்டிருந்தது. தைவானிலிருந்து வந்ததால் சீன வழி என்று எண்ணிவிட்டோம், அக்கா. உறை மேல் இருந்த தபால்தலையைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டோம். இரண்டு சாட்சி என்று நினைத்தது ஒரே சாட்சி.

இலங்கை நூலின் முன்னுரையில் இன்னும் தெளிவாகவே எழுதியிருந்தது. கடுகு வருவது உரைநூல்களில்தான். உரைகள் புத்தருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிந்தியவை. பழைய தொகுப்பில் அந்தத் தாயின் பெயரில் சில பாடல்கள் உண்டு, அவற்றில் கடுகு இல்லை. எல்லா நூலின் முன்னுரையையும் வரிவரியாகச் சலித்த நாம் இரண்டு பேரும், இந்த ஒன்றில் மட்டும் முன்னுரையைத் தாண்டி நேரே கதைக்குப் போயிருக்கிறோம்.

எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் யோசித்தேன். சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. சொல்லத்தான் போகிறேன் என்றே நினைத்திருந்தேன். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு நீங்கள் சரசுவை அழைத்து வந்தீர்கள். அவளுக்குப் பிறந்த குழந்தை நாற்பது நாளில் இறந்திருந்தது. முகம் வீங்கிக் கிடந்தது. பன்னை அவள் கையில் வைத்தீர்கள். அவள் அதைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மணி, கடுகுக் கதையச் சொன்னா இவ நம்பமாட்டேங்கறா. புத்தர்தான் சொன்னாருன்னு நீயே சொல்லு."

சரசு என்னைப் பார்த்தாள். "அண்ணி எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. சாம்பாருல உப்பு போட்டேன்னு சொன்னாக்கூட நக்கிப் பாத்துட்டுத்தான் நம்புவாங்க. அப்பேர்ப்பட்டவங்க இத மட்டும் நம்பறாங்க. அதனாலதானுங்க எனக்குச் சந்தேகமா இருக்குது."

நீங்கள் அவள் தலையில் தட்டிச் சிரித்தீர்கள். வந்ததிலிருந்து அவளும் அப்போதுதான் லேசாகச் சிரித்தாள். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தீர்கள்.

"ரெண்டு வழியிலயும் வந்திருக்குதுங்க" என்றேன்.

நீங்கள் என்னைச் சற்று நேரம் பார்த்தீர்கள். பிறகு குனிந்து, மேசையில் சிந்திய பன் துகளைக் கையால் கூட்டி எடுத்தீர்கள். "அப்புறமென்ன" என்று சரசுவிடம் சொன்னீர்கள். அந்தப் பார்வையை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. அதில் நம்பிக்கை இருந்ததா, வேறேதாவதா?

அதன் பிறகும் நான்கு மாதம் நீங்கள் வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீங்கள் குறிப்பேட்டை எடுக்கும்போது வாய் அடைத்துக்கொள்ளும். நீங்களும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஆவணியில் ஒருநாள் காலை கம்பெனிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குச் செய்தி வந்தது மறுநாள்.

வருடத் திதிக்கு இரண்டு மாதம் முன்பு உங்கள் வீட்டுக்காரர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். அவருக்கு நூலகம் புதிது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"இத ஒரு சின்ன பொஸ்தகமாப் போட்டு வந்தவங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கேனுங்க. அவ பேரு இருக்கோணும். நீங்கதான் அச்சுக்குத் தயார் பண்ணித் தரோணும்."

அவர் போன பிறகு திறந்தேன். கடுகுக் கதையின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பென்சில் கோடு. பக்கத்தில் உங்கள் கையெழுத்தில்: "11, 13. ரெண்டுலயும்." அவ்வளவுதான். தேதி இல்லை. ஆக, உங்களுக்குத் தெரியும். நான் பொய் சொன்ன அந்த ஞாயிறுக்கு முன்பே தெரியுமா, பின்பா? முன்பே என்றால், அந்தக் கேள்வி எனக்கு வைத்த சோதனை. நான் ஓட்டிப் பார்க்காமல் சான்றிதழ் அடித்தேன். அன்று முழுக்க என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கதைக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. நாம் சேர்ந்து எழுதியபோது அது இல்லை. எந்த நூலிலும் இல்லை. நீல மையில் எழுதியிருந்தீர்கள்: "கடுகு கேட்டு வந்தவளை ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பாள். அவள் வாங்கிவந்தது அதைத்தான்."

பென்சிலில் எழுத வேண்டியதை ஏன் நீலத்தில் எழுதினீர்கள்? உங்கள் சொந்தச் சொல் என்பதால் அதில் சந்தேகமில்லை என்றா? என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

அச்சுப் பிரதியில் கதையைக் கடைசியில் வைத்தேன். அடியில் ஒரு குறிப்பு எழுதினேன்: இந்தக் கதை பழைய தொகுப்பில் இல்லை, பின்னால் உரைநூல்களில் சேர்ந்தது, இறுதி இரண்டு வரிகள் தொகுத்தவர் எழுதியவை. உங்கள் வீட்டுக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏனுங்க, செத்துப்போனவ பேருல போடற பொஸ்தகத்துல எதுக்குங்க இந்தச் சந்தேகம்? இருக்கற வரைக்கும் அவ சந்தேகப்பட்டது போதாதுங்களா?"

"அவங்களுக்கு இதுதாங்க முக்கியம்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பயந்து, "சரிங்க, சரிங்க, இருக்கட்டும்" என்றார்.

கருமத்தம்பட்டியில் ஒரு சிறிய அச்சகம். திதிக்கு முதல் நாள் புத்தகக் கட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். குறிப்பு இல்லை. அச்சகக்காரருக்கு நூலகத்திலிருந்து போன் செய்தேன்.

"பதினாறு பக்கம் ஒரு பாரமுங்க. உங்க குறிப்பு பதினேழாம் பக்கத்துக்குப் போயிருச்சு. நாலு வரிக்காக இன்னொரு பாரம் ஓட்ட முடியுங்களா? கீழ இருந்த பொடி எழுத்துத்தானுங்களே, எடுத்துட்டேன். கதை முழுசா வந்திருக்குதுங்க."

கதை முழுசாகத்தான் வந்திருந்தது. உங்கள் இரண்டு வரியும் இடைவெளி இல்லாமல் கதையோடு ஒட்டிக்கொண்டு, "புத்தர் சொன்னவை" என்ற தலைப்பின் கீழ். திதிக்கு வந்தவர்கள் எல்லாரும் கையில் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரார் சிலர் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பின்னால் பார்த்தேன். போலியான எதுவும் வேண்டாம் என்று வாழ்ந்தவர் நீங்கள். நானும் ஒரு அச்சகக்காரரும் சேர்ந்து உங்களையே பிற்சேர்க்கை ஆக்கிவிட்டோம்.

இந்தப் பங்குனியில் சரசு எஸ்.டி.டி. பூத்திலிருந்து நூலகத்துக்குப் போன் செய்தாள். அவள் இப்போது கருமத்தம்பட்டியில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆறு மாதக் குழந்தை இறந்துவிட்டதாம். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். "நல்ல பொஸ்தகம் எதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க அக்கா." எந்தப் புத்தகத்தை எடுத்துப் போவது? வெறுங்கையோடு போனேன்.

அந்த வீட்டில் தறி நின்றிருந்தது. தெருவில் மற்ற வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. சரசு பாயில் அந்தப் பெண்ணின் தோளை அணைத்து உட்கார்ந்து கடுகுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பெண்கள். கடைசியில் உங்கள் வரியைச் சொன்னாள். வார்த்தை மாறவில்லை. "புத்தரே சொல்லியிருக்காருங்க" என்று முடித்தாள்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியிடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். இந்த முறை வாயை அடைக்கவிடக் கூடாது என்று இருந்தது.

"சரசு, அந்தக் கடைசி வரி உங்க அண்ணி எழுதினது. கதையே பின்னால வந்தது."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"ரெண்டுந்தானுங்க. கதை பின்னால வந்ததுன்னு அன்னிக்கு பஸ்ஸுல ஏறி உக்காந்ததுமே அண்ணி சொல்லிட்டாங்க. 'அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன் சரசு, பம்ப்ப ஓட்டாமயே அடிச்சிருக்குது'ன்னாங்க. கெளம்பறப்பவே உங்களுக்குத் தெரியாம ரெண்டு பொஸ்தகத்தையும் பையில போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க, ஊட்டுக்கு வந்து அத எடுத்து வெச்சுக்கிட்டு எதையோ தேடுனாங்க."

"எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"நானும் அதத்தானுங்க கேட்டேன். போய் நல்லாக் கேளுங்க அண்ணின்னு. 'அதுக்குப் பொய் சொல்லவே வரலை, பாவம். எனக்கோசரம் கஷ்டப்பட்டு ஒண்ணு சொல்லியிருக்குது. அதப் போய்க் கேப்பாங்களா?'ன்னாங்க. அப்புறம் நெம்ப நாளு கழிச்சு அந்தக் கடைசி வரிய எழுதி எங்கிட்டப் படிச்சுக் காட்டுனாங்க. நல்லா இருக்குதுன்னேன். 'இது நான் சொன்னது, சத்தியமா நான்தான்'னு சிரிச்சாங்க."

"அப்புறம் எதுக்கு சரசு புத்தர் சொன்னாருன்னு சொல்றே?"

அவள் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அண்ணி சொன்னாங்கன்னா, 'யாரு, பம்ப்பு கம்பெனியில டைப்பு அடிச்சுக்கிட்டிருந்தாளே, அவளா'ம்பாங்க. ஒருத்தரும் காது குடுக்கமாட்டாங்க. புத்தர் சொன்னாருன்னாக் கேப்பாங்க. அண்ணி சொன்னது எங்கயாச்சும் நிக்கோணுமில்லீங்களா?"

எத்தனையோ ஞாயிறுகள் நாம் பென்சிலில் தள்ளிய, புத்தர் பெயரில் எழுதிவைத்த, பெயர் தெரியாத அந்தத் துறவிகளை நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு அண்ணி இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பெயருக்காக எழுதியவர்களும் இருந்திருப்பார்கள், கூட்டம் சேர்க்க எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். எல்லாரையும் ஒரே கணக்கில் விட்டுவிட எனக்கு மனமில்லை. நீங்களும் விடமாட்டீர்கள். எழுதியது யார் என்று கேட்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது கூடவே, யாருக்காக எழுதினார்கள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டுவிட்டது. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் கிடைப்பது அரிது.

சரசு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெண் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாளாம். சரசு முதலிலிருந்து சொன்னாள், உங்கள் வரியோடு, புத்தர் சொன்னதாகவே. நான் உள்ளே போய், அந்தப் பெண்ணின் மறுபக்கம் பாயில் உட்கார்ந்தேன். திருத்தவில்லை. பொழுது சாய்வதற்குள் அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கதையால்தானா என்று என்னால் சொல்ல முடியாது. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.